பால்குடத்துக்கு ஒரு ஜோடி ஸ்டோக்கின்

என் வீட்டுக்காரருக்கு வலது காலில் நான்கு விரல்கள்தான். சுண்டுவிரலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, செய்த வேலை. விரல் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. எடுத்த இடம் ஆறாமல் மாதக்கணக்கில் ஈரமாகவே கிடந்ததுதான் எங்கள் நிம்மதியைக் கெடுத்தது. இது ஆறவில்லை என்றால் பாதம், அதுவும் ஆறவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே என்று டாக்டர் தன் காற்சட்டை மேலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினார். அவருக்கு அது அன்றாட வேலை. நான் வந்து காடியில், எங்கள் காரில், உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே நியாலாஸ் செம்பனைத் தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். தாயே, இந்தக் கால் தங்கினால் உன் திருவிழாவுக்கு அவர் வெறுங்காலோடு பால்குடம் எடுப்பார்.

எடுப்பேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். எடுப்பார் என்றேன். எங்கள் வீடுகளில் பெண்கள் வேண்டிக்கொள்வதே அப்படித்தான். பிள்ளைக்கு மொட்டை, தம்பிக்கு அலகு, புருஷனுக்குப் பால்குடம். வாய் நம்முடையது, தலையும் நாக்கும் காலும் அவர்களுடையது. இதைத் தப்பென்று யாரும் சொன்னதில்லை. அம்மன் காதிலும் சரியாகத்தான் விழுந்திருக்க வேண்டும், கால் தங்கிவிட்டது.

காயம் மூடிய பிறகு கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு மலாய்ப் பெண், பொறுமைசாலி. இவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நரம்பு ஒன்றால் அடிப்பாதத்தை இங்கும் அங்கும் தொட்டாள். தொடும்போது சொல்லுங்கள் என்றாள். இவர் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையைத் தூக்கிவிட்ட பிறகும் "ஆமா" என்றார். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்துப் பிடிபட்டவர் மாதிரி அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மிஸ்ஸி என்னிடம்தான் பேசினாள். பாதத்தில் உணர்வே இல்லை, ஆணி ஏறினாலும் தெரியாது. இனிமேல் காக்கி ஆயாம் கூடவே கூடாது என்றாள். வெறுங்காலோடு நடப்பதை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். வீட்டுக்குள்ளும் கூடாதாம். ஒவ்வொரு நாளும் கண்ணாடி பிடித்து அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டுமாம். காலுறை வெள்ளையாக இருக்க வேண்டுமாம், ரத்தமோ சீழோ பட்டால் உடனே தெரியும். கடைசியில், "அக்காவும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்களேன், உங்கள் அம்மாவுக்கும் இருந்தது என்றீர்களே" என்றாள். அடுத்த தடவை பார்க்கலாம் என்றேன். அதற்கு முந்தின தடவையும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

திரும்பி வரும் வழியில் டுரியான் துங்கால் முச்சந்தி விளக்கில் நின்றபோது அவர் வாயைத் திறந்தார்.

"திருவிழா சித்திரையிலதானே?"

"எந்தத் திருவிழா?"

"என்னா எந்தத் திருவிழா. நீ வேண்டுனதுதான்லா."

"மிஸ்ஸி சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. கால் தங்குனது மிஸ்ஸியாலயா?"

காலைக் காப்பாற்ற நான் செய்த வேண்டுதலே இப்போது அந்தக் காலுக்கு எமனாக வந்து நின்றது. வெள்ளியில் ஒரு கால் செய்து உண்டியலில் போட்டுவிடலாம், நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள்தானே என்று கெஞ்சிப் பார்த்தேன். "பால்குடம்னு சொல்லிட்டு வெள்ளிக் கால நீட்டுனா, ஒனக்கு யாராச்சும் அப்படிப் பண்ணா சும்மா விடுவியா?" என்றார். விடமாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

கோயில் தலைவருக்கு போன் போட்டேன். தோட்டத்திலேயே பிறந்து, இப்போது மலாக்கா டவுனில் இருக்கும் மனிதர். "சப்பாத்து, சிலிப்பரு கூடாதும்மா. ஸ்டோக்கின் போட்டுக்கலாம், வயசானவங்க போடறாங்கதானே, அம்மா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. இவரும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஆனால் கடையில் விற்கிற ஸ்டோக்கினில், அதாவது காலுறையில், விரல் நுனியில் ஒரு தையல் ஓடுகிறதே, அது விரல் எடுத்த இடத்தில் சரியாகப் போய் உராய்ந்தது. ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றியதற்கே தோல் சிவந்திருந்தது, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜொகூரில் இருக்கும் மகளிடம் சொன்னேன். "ம்மா, ஒன்லைன்ல சுகர் ஆளுங்களுக்குன்னே விக்கறாங்கம்மா, தையலே இருக்காது" என்று வாங்கி அனுப்பினாள். தையல் இல்லை, உண்மைதான். மேலே இருந்த ரப்பர், வீங்கிய அவர் காலைக் கவ்விப் பள்ளம் போட்டது. கத்திரிக்கோலால் ரப்பரை வெட்டினேன். பிறகு அது காலில் நிற்கவில்லை.

எனக்கு ஒரு லோரி கம்பெனி ஆபீசில் குமாஸ்தா வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் காலுறை காலுறை என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வீடியோ வந்தது. பனி கொட்டும் ஏதோ ஊரில் ஒரு வெள்ளைக்கார அம்மா, இரண்டு பக்கமும் முனை உள்ள குட்டி ஊசிகளால் வட்டமாகப் பின்னி, தையலே இல்லாமல் ஒரு முழுக் காலுறையை முடித்து, நுனியைத் தடவிக் காட்டினார். ஒரு மேடு பள்ளம் இல்லை. இதுதான் என்று முடிவு செய்தேன். எனக்கு ஊசி பிடிக்கத் தெரியாது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

தெங்கேராவில் பொத்தான், நூல், ரிப்பன் விற்கும் பழைய கடை ஒன்று இருக்கிறது. கடைக்கார சீன அன்ட்டியிடம் மலாயில் விஷயத்தைச் சொன்னேன். முதல் தடவையா என்றார். ஆமாம் என்றேன். முதலில் ஒரு கழுத்துத் துண்டு பின்னு, நேராகப் போய் நேராக வா, கை பழகட்டும் என்றார். இந்த வெயிலில் கழுத்துத் துண்டை யாருக்குப் போடுவது அன்ட்டி, எனக்குச் சித்திரைக்குள் ஒரு ஜோடி காலுறை வேண்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கம்பளி வேண்டாம், கால் வெந்துபோகும் என்று மெத்தென்ற வெள்ளைப் பருத்தி நூலை எடுத்துப் போட்டார். கையிருப்பு உருண்டைகள் சிறியவை, வழியில் தீர்ந்து தீர்ந்து போகும் என்றும் சொன்னார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் குட்டி ஊசிகள் இருக்கின்றனவே, அவை என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவித் தரையில் விழும். விழுந்த ஊசியின் கண்ணிகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வியர்வையில் நூல் கையோடு ஒட்டும். அவர் டிவி பார்க்கிற சாக்கில் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். "நண்டு கடிக்கற மாதிரி புடிச்சிருக்கியே" என்றார் ஒருநாள். "இன்னொரு வார்த்த பேசினா இந்த ஊசிய எங்க குத்துவேன்னு தெரியாது" என்றேன். "கால்ல குத்து. தெரியாதுலா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அளவெடுப்பதற்காக அவர் காலை மடியில் வைத்த நாளும் நினைவிருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் காலை நான் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. பல வருஷம் லோரி ஓட்டி, பிரேக் மிதித்து மிதித்துக் காய்த்த பாதம். சுண்டுவிரல் இருந்த இடத்தில் தோல் மினுமினுவென்று இழுத்துக்கொண்டிருந்தது. வலது காலுறையை அந்தப் பக்கம் மட்டும் ஒடுக்கிப் பின்ன வேண்டும், இல்லையென்றால் துணி மடிந்து அங்கேயே உறுத்தும். இடது வலது மாறக்கூடாது என்று வலதின் மேல் ஓரத்தில் ஒரு மஞ்சள் இழையைக் கோர்த்து வைத்தேன்.

குதிகால் திருப்புகிற இடத்தில் நான் அழுதுவிட்டேன் என்று சொன்னால் நம்புங்கள். வீடியோவில் அந்த அம்மா நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் துணி தானாக மடங்கிக் குதிகால் ஆகிவிடுகிறது. எனக்கு அது ஒருபக்கம் பை மாதிரி தொங்கியது. பிரித்தேன். மறுபடி போட்டேன், மறுபடியும் பிரித்தேன். ஆபீசில் பில் அடிக்கும்போதும் குதிகால்தான் மண்டையில் ஓடியது. காலண்டரைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒருநாள் அது சரியாக மடங்கியபோது எப்படி மடங்கியது என்று எனக்கே தெரியவில்லை, தொடாமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

அடிப்பாதத்தை இரட்டை நூலில் தடிப்பாகப் பின்னிக்கொண்டு போகும்போது உருண்டை தீர்ந்தது. புது உருண்டையை இணைக்க வேண்டும். எனக்கா முடிச்சுப் போடத் தெரியாது? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாமிக்குப் பூக் கட்டுகிற கை இது. விரலில் நூலைச் சுழற்றி இறுக்கினால் மல்லிகைக் காம்பு வாடி உதிர்ந்தாலும் முடிச்சு அவிழாது. அதே முடிச்சைப் போட்டு, நன்றாக இழுத்துப் பார்த்து, மேலே பின்னிக்கொண்டு போனேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வலது காலுறை முடிந்தது. நுனியைத் தையலில்லாமல் இணைத்து, தடவித் தடவிப் பார்த்தேன், அந்த வெள்ளைக்கார அம்மாவுடையது மாதிரியே வழவழப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் காலில் மாட்டினேன்.

"உறுத்துதா?"

"இல்ல."

"எங்கயாச்சும்?"

"ஒண்ணுமே இல்ல. நல்லா மெத்துன்னு இருக்கு. கடையே வைக்கலாம் நீ."

தலை கால் புரியவில்லை எனக்கு. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவரும் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் போர்ச்சிலும் நடந்தார், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். சாயங்காலம் கழற்றிக் கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, பாதம் ஊன்றுகிற இடத்தில், பச்சைப்பயறு அளவுக்கு ஒரு சிவப்பு. அமுக்கினேன். சிவப்பு போகவில்லை.

காலுறைக்குள் கையை விட்டுத் தேடினேன். விரலில் இடறியது. நான் போட்ட பூ முடிச்சு, கல் மாதிரி.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உறுத்துகிறதா என்று நான் யாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்? கேட்கக் கூடாத ஒரே ஆளிடம். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. முடிச்சு எலும்பைத் தொட்டாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். சிவப்பு மறையும் வரை ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தேன். புண்ணாகவில்லை.

காலுறையைத் தூக்கிக்கொண்டு தெங்கேராவுக்கு ஓடினேன். அன்ட்டி உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "அய்யோ, முடிச்சா போடுவது" என்று தலையில் அடித்துக்கொண்டார். பழைய நூலின் வாலையும் புது நூலின் தலையையும் ஒன்றாகப் பிடித்து நாலைந்து கண்ணி பின்னினால் போதுமாம், அது தானே பிடித்துக்கொள்ளுமாம். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான், கழுத்துத் துண்டு பின்னியிருந்தால் தெரிந்திருக்கும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டு இன்னும் நூல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் உடனே காலுறையைத் தொடவில்லை. பயம். கையைச் சும்மா வைத்திருந்தால் பயம் இன்னும் கூடியது. சரி, தப்பு நடந்தாலும் யாருக்கும் காயம் படாத ஒன்றைப் பின்னுவோம் என்று பால்குடத்தின் வாய்க்கு ஒரு லேஸ் மூடி ஆரம்பித்தேன். நடுவிலிருந்து வட்டமாக விரிந்துகொண்டே போகும் பின்னல், ஓரத்தில் மஞ்சள் பாசிமணி. லேஸில் வேண்டுமென்றே ஓட்டை போட வேண்டும், நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றினால் ஓட்டை. அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னாது, ஓட்ட ஓட்டயா இருக்கு?"

"ஓட்டதான் டிசைன்."

"அப்ப இது?" என்று ஒரு பெரிய ஓட்டையைக் காட்டினார்.

"அது டிசைன் இல்ல. தள்ளிப் போங்க."

லேஸில் ஒரு கண்ணி நழுவினால் விறுவிறுவென்று நடு மையம் வரை அவிழ்ந்துகொண்டே போகும். அதற்கு வீடியோவில் ஒரு வழி சொல்லித் தந்தார்கள். சரியாக வந்த ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாவற்றிலும் வேறு நிற நூல் ஒன்றைக் கோர்த்து வைத்துவிட வேண்டும். மேலே என்ன குளறுபடி நடந்தாலும் அந்த நூல் வரைதான் அவிழும், அங்கே நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்த புண்ணியவதி யாரோ, அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. சிவப்பு நூலை அங்கங்கே கோர்த்துக்கொண்டேன். அவிழ்ந்தாலும் ஓரிடத்தில் நிற்கும் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு சீராக வந்தது. லேஸ் மூடி கோணல்மாணலாக முடிந்தது. குடத்தின் மேல் போட்டு மணிகளைத் தொங்கவிட்டபோது கோணல் தெரியவில்லை.

அந்தத் தைரியத்தில் காலுறைகளுக்குத் திரும்பினேன். வலதைப் பாதிக்கு மேல் பிரித்து முடிச்சில்லாமல் பின்னினேன், இடதையும் முடித்தேன். இந்த முறை அவரைக் கேட்கவில்லை. நானே மாட்டிக்கொண்டேன். எனக்குத் தொளதொளவென்று இருந்தது, ஆனாலும் என் காலுக்கு உணர்வு இருக்கிறதே. வீட்டுக்குள் நடந்தேன், போர்ச்சில் நடந்தேன், சரளைக்கல் மேல் நடந்தேன். குப்பை கொட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரி, வெள்ளை ஸ்டோக்கினோடு வாசலில் நடை பயின்ற என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். எங்கெங்கே உறுத்தியதோ அங்கெல்லாம் அவிழ்த்துச் சரி செய்தேன். ஒன்றுமே உறுத்தாதபோதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. துவைத்துக் காயவைத்து மறுபடி நடந்தேன். மறுபடி துவைத்து, கோயிலுக்கென்று எடுத்து வைத்தேன்.

திருவிழா காலையில் இருட்டோடு கிளம்பி நியாலாஸ் போனோம். வெயில் ஏறுமுன் எல்லாம் முடிந்துவிடும் என்று தலைவர் எனக்குச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். தோட்டத்தில் இப்போது வேலை செய்வது எல்லாம் வெளிநாட்டு ஆட்கள்; நம்மவர்கள் திருவிழா அன்றைக்குத்தான் காடி காடியாக வந்து செம்பனை மரங்களுக்கு நடுவே நிறுத்துவார்கள். ஆற்றோரத்தில் பூசை போட்டுக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டார்கள். உறுமி மேளக்காரர்களைக் காணோம். காடி வழியில் பழுதாம். மேளம் இல்லாமல் கிளம்ப முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் வானத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "அம்மா பாத்துக்குவாம்மா" என்றார். அம்மா பார்ப்பாள், தார் ரோடு பார்க்குமா என்று கேட்டேன். அவர் நழுவிவிட்டார்.

மேளம் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. அவருக்குக் காலுறைகளை மாட்டிவிட்டேன், மஞ்சள் இழை வலது காலில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். குடம் தலையில் ஏறியது. என் சிலிப்பரைக் கழற்றி ஒரு மரத்தடியில் போட்டுவிட்டு அவருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டேன். நான் வெறுங்காலோடு வருவேன் என்று யாரிடமும் வேண்டியிருக்கவில்லை. அவர் நடக்கும்போது சிலிப்பர் போட்டுக்கொண்டு பின்னால் போக என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

செம்மண் பாதை வரைக்கும் ஒன்றும் இல்லை. தார் ரோடு ஏறியதும் பழைய தொழிலாளர் லயத்து வாசலில் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ரோடு குளிரட்டும் என்றுதான் ஊற்றுகிறார்கள், நல்லதுதான். ஆனால் காலுறை நனைந்துவிட்டது. நனைந்தால் துணி இளகும், இளகினால் மடியும், மடிந்தால் அந்த மடிப்பு எங்கே போய் உட்காரும்? என் கண் அவர் குதிகாலைவிட்டு அகலவில்லை. மேளச் சத்தத்துக்கு நடுவிலும் லேஸ் மூடியின் மணிகள் குடத்தில் தட்டுவது கேட்டது. அவர் ஒரு சுற்று ஆடினால் மணிகள் வேகமாகத் தட்டின. ஆடாதீங்க என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

அடுத்த வளைவில்தான் அதைப் பார்த்தேன். வலது காலுறையில், விரல் எடுத்த பக்கமாக, சிவப்பு. முதலில் ஒரு பொட்டு. அடுத்த அடியில் அது அகன்றிருந்தது. "என்னாங்க, நில்லுங்க" என்றேன். மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்னே போகப் பார்த்தேன், கூட்டம் விடவில்லை. வெள்ளையாக இருந்தால் உடனே தெரியும் என்றாள் மிஸ்ஸி. தெரிந்துவிட்டது. தெரிந்து நான் என்ன செய்ய? தலையில் பால். இறக்கி வைக்க அவர் சம்மதிக்கமாட்டார். தாயே, என்று மட்டும் சொன்னேன், அதற்குமேல் எதையும் வேண்டப் பயமாக இருந்தது. என் வேண்டுதலின் லட்சணம்தான் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்ததே.

கோயில் வாசலுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அவர் பாலை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு வந்ததும், கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கூடாரத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் உட்கார்ந்து காலுறையை உருவினேன். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். அடிப்பாதம், விரலிடுக்கு, விரல் எடுத்த இடம். ஒரு கீறல் இல்லை. தோல் ஊறி வெளுத்திருந்தது, அவ்வளவுதான். காலுறையை முகர்ந்து பார்த்தேன், சுண்ணாம்பு வாசம். லயத்து வாசலில் யாரோ ஆரத்தித் தண்ணீரைக் காலில் கொட்டியிருக்கிறார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த ஈரக் காலை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது யாரு காலு?" என்றார்.

கோயில் வாசலிலிருந்து எங்கள் நாற்காலி வரை சிமெண்டில் ஒற்றைக் கால் தடம் சிவப்பாக வந்திருந்தது. ஆரத்தித் தண்ணீர்தான் என்றேன். அவர் குனிந்து என் இடது காலைப் பிடித்துத் திருப்பினார். குதிகாலின் அடிப்பக்கம் பிளந்திருந்தது, கண்ணாடித் துண்டு ஒன்று இன்னும் அதிலேயே நின்றது.

"வலிக்கலயா ஒனக்கு?"

வலிக்கவில்லை. உண்மையாகவே வலிக்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறிப் போனது. "ஒனக்கு சுகர் பாத்து எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டார். சுகர் தின்ற என் அம்மாவின் கால் எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் கண்ணாடிச் சில்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காயத்தில் தன் தோள் துண்டை வைத்துக் கட்டினார். பிறகு என் கைப்பையைத் துழாவினார். வழியில் காலுறையில் கண்ணி நழுவினால் இருக்கட்டும் என்று நான் போட்டு வைத்திருந்த குட்டி ஊசி ஒன்றை எடுத்தார். என் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார்.

"கண்ண மூடு."

"இங்கயா? ஆளுங்க பாக்கறாங்க."

"மூடுன்னு சொல்றேன்லா. எங்க தொடறேன்னு சொல்லு."

மூடினேன். மேளம் நின்றுவிட்டிருந்தது. உள்ளே மணி அடித்தார்கள்.

"பெருவெரல்" என்றேன்.

"ம். இப்ப?"

"குதிகாலு."

"இப்ப?"

காத்திருந்தேன். எதுவும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். அவரைப் போல ஆமா என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. கிளினிக்கில் அவர் எதற்காக அப்படிச் சொன்னார் என்று அப்போதுதான் விளங்கியது.

"தெரியலங்க" என்றேன்.

என்னால் தாங்க முடியாமல் கண்ணைத் திறந்தேன். ஊசி அவர் வேட்டி மடிப்பில் கிடந்தது.

"இப்பத் தொடல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அதற்கப்புறம்தான் இடது குதிகால் மெல்ல எரிய ஆரம்பித்தது, பிறகு பிடுங்கி எடுக்கிற மாதிரி வலித்தது.

"எரியுதுங்க" என்றேன்.

"நல்லா எரியுதா?"

"நல்லா எரியுது."

"நாளைக்கு மிஸ்ஸிகிட்டப் போறோம். ரத்தம் எடுக்க நீ கையக் குடுக்கற" என்றார். சரி என்றேன்.